கண் சிமிட்டிய தொப்பி

“இப்ப?”

“வருது.”

“இப்ப?”

“வருது… இல்ல, வரல. வந்த மாதிரி இருந்துச்சு. ஏ தங்கச்சி, நெஜமாவே போடுறியா, இல்ல உள்ள உக்காந்து காப்பி குடிக்கிறியா?”

பிக்கப் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் இருந்த லியோட்டா, ஸ்டியரிங்கை ஒட்டி நீண்டிருந்த இண்டிகேட்டர் தண்டை மறுபடி கீழே தள்ளினாள். முகப்பில் பச்சை அம்பு இடப்பக்கம் காட்டித் துடித்தது. வண்டியின் சொந்த விளக்குகளில் எந்தக் குறையும் இல்லை. பின்னால் கொக்கியில் மாட்டியிருந்த படகு டிரெய்லரில்தான் கோளாறு. அதன் வாலில் இருந்த இடப்பக்க விளக்கு, அரைத்தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் கண்ணைப் போல மங்கலாகச் சிவந்து மூடிக்கொண்டது. யாரும் கேட்காமலேயே வலப்பக்க விளக்கும் அதோடு சேர்ந்து முனகியது. பிரேக்கை மிதித்தால் இரண்டுமே செத்துப்போயின.

“இடது கேட்டா வலதும் சேந்து பதில் சொல்லுது” என்றான் ஹோபர்ட், டிரெய்லருக்குப் பின்னால் குந்தியபடி. “நம்ம குலசபைக் கூட்டம் மாதிரியே இருக்கு.”

ஹோபர்ட் அவளுடைய பெரியம்மா மகன். அவனுக்குப் பக்கத்தில், பேசாமல், கழற்றிய பல்பு ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அதன் இழையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஓரின், அவளுடைய தம்பி. பல்பில் குறையில்லை. ஏற்கெனவே இரண்டு முறை மாற்றிப் பார்த்தாயிற்று.

லியோட்டா வானத்தைப் பார்த்தாள். பைன் மரங்களின் உச்சிக்கு மேலே வெயில் இன்னும் இருந்தது. ஆனால் அது சாயத் தொடங்கிவிட்ட வெயில். இரட்டைப்பாறை ஏரியின் படகுத்துறைக்கு அந்தி விழுமுன் போய்ச் சேர வேண்டும். இன்றைய அனுமதி அந்த ஏரிக்குத்தான், இன்றோடு அதுவும் முடிகிறது. ஒஜிப்வே மக்களுக்கென ஒதுக்கிய குடிநிலத்துக்குள் இருந்த ஏரிகளில் பனிக்கட்டி முன்பே உடைந்து, ஓகா மீன்கள் கரையோரப் பாறைகளில் முட்டையிட்டு ஆழத்துக்குத் திரும்பிவிட்டன. வடக்கே, மேட்டின் நிழலில் கிடக்கும் இரட்டைப்பாறையில் மட்டும் தண்ணீர் இன்னும் குளிர்ந்திருந்தது. அங்கே போக வேண்டுமானால் குடிநிலத்தின் எல்லைப் பலகையைத் தாண்டி மாவட்டச் சாலையில் ஓட வேண்டும். ஒஜிப்வே மக்கள் நிலத்தை எழுதிக் கொடுத்த காலத்திலும் அந்த ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டு வெகு காலமாயிற்று. ஒப்புக்கொள்ளாத மனிதர்கள் இன்னும் சிலர் உண்டு. ஆகவே ஈட்டியால் மீன் குத்தும் ஈட்டிக்காலம் வந்தால் அந்தச் சாலையில் போலீஸ் வண்டிகளும் கூடுதலாக நிற்கும். நிற்பவனுக்கு ஒரு காரணம் வேண்டும். எரியாத விளக்கைவிடக் கைக்கு எளிய காரணம் வேறு என்ன இருக்கிறது?

அவளுக்கு என்றால் ஓர் அபராதத் தாளைக் கிழித்துக் கொடுப்பான், வாங்கிக்கொள்வாள். பக்கத்து இருக்கையில் ஓரின் உட்கார்ந்திருப்பான் என்பதுதான் அவளுடைய கவலை.

ஓரின் சிறையிலிருந்து வந்தது பனிக்காலத்தின் நடுவில். மூன்று வசந்தங்கள் உள்ளே கழிந்தன. ஒரு நண்பன் ஓட்டி வந்தது திருட்டு வண்டி என்பது தெரியாமல் ஏறி உட்கார்ந்தான். போலீஸ் நிறுத்தியபோது பயந்து இறங்கி ஓடினான். பிடிக்க வந்தவன் கீழே விழுந்து தோளை உடைத்துக்கொண்டான். அன்றும் ஓரின் ஓட்டவில்லை, பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். இலையுதிர் காலம்வரை அவன் கண்காணிப்பில் இருக்கிறான். போலீஸ்காரன் எதற்காக வண்டியை நிறுத்தினாலும் அதைக் கண்காணிப்பு அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். அதிகாரியின் மனநிலை சரியில்லாத நாளாக இருந்தால், விசாரித்து முடிக்கும்வரை உள்ளே தூக்கி வைக்கலாம். ‘போய்ட்டு வா, ஆனா என்கிட்ட போலீஸ் பேரைக் கொண்டுவராதே’ என்றுதான் இன்றைக்கு அனுப்பியிருக்கிறார்.

“டெஸ்டர் வச்சுப் பாக்குறேன், எல்லாரும் தள்ளிக்கங்க” என்றான் ஹோபர்ட். ஓரினைத் தவிர அங்கே தள்ள வேண்டியவர்கள் யாரும் இல்லை. சோதனை விளக்கின் கவ்வியை டிரெய்லர் சட்டத்தில் கடிக்க வைத்து, முள்ளை இடப்பக்க விளக்கின் ஒயரில் குத்தினான். விளக்கு எரியவில்லை. “பாத்தியா? கரண்டே வரல. கோளாறு உன் பிக்கப்லதான். டிரெய்லர் மேல பழி போடாதீங்க. அது தங்கம்.”

“கரண்ட் வரலேன்னா உள்ள பச்சை அம்பு எப்படிண்ணே துடிக்குது?” என்றான் ஓரின்.

“அது வேற கரண்ட்.”

ஓரின் தலையைக் குனிந்து சிரித்தான். அவன் சிரிப்பு இப்போதெல்லாம் அப்படித்தான். யாரும் பார்த்துவிடக் கூடாத ஒன்றைப் பையில் போட்டுக்கொள்பவனைப் போல.

டிரெய்லர் தங்கமாக இருந்தது உண்மை. பனி உருகத் தொடங்கியதும் ஹோபர்ட் தானாக முன்வந்து, போல்ட்டுகளைக் கழற்றி, துருவைச் சுரண்டி, தண்ணீர்த் தொட்டிகளுக்கு அடிக்கும் வெள்ளிப் பெயிண்ட்டை இரண்டு கோட்டு அடித்திருந்தான். போன ஆண்டு படகுத்துறையில் நின்ற யாரோ ஒருவன், துருப்பிடித்த டிரெய்லரைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தானாம். ‘இந்த வருஷம் ஒரு பய வாயத் தெறக்க முடியாது’ என்று சொல்லிச் சொல்லி அடித்தான். அடித்து முடித்த அன்று அக்கம்பக்கத்தவர்களை அழைத்துக் காட்டவும் செய்தான்.

லியோட்டா மறுபடி தண்டைக் கீழே தள்ளினாள். டிக், டிக், டிக். பின்னால் அவர்கள் இருவரும் பிளக்கைக் கழற்றுவதும் ஊசிகளைக் கத்தி முனையால் சுரண்டுவதும் மாட்டுவதுமாக இருந்தார்கள். காத்திருப்பதைத் தவிர அவளுக்கு வேலை இல்லை. காத்திருப்பது அவளுக்கு எப்போதும் கைவராத வேலை. ஒரு கை கதவின் கைப்பிடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கண் பின்பார்வைக் கண்ணாடிக்குப் போனது.

கண்ணாடியில் படகின் மூக்கு தெரிந்தது. மூக்கின் பலகையில், இரவில் ஈட்டி எறிபவன் தலையில் வைக்கும் கட்டுமானத் தொப்பி கிடந்தது. நெற்றியில் பழைய குண்டு பல்பு பொருத்திய தொப்பி. அது வண்டியைப் பார்த்தபடி கிடந்தது. லியோட்டா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பல்பு மஞ்சளாக, மிக மெலிதாக, ஒரு முறை விழித்து மூடியது. மறுபடி விழித்தது. பச்சை அம்பு துடிக்கும்போதெல்லாம் அதுவும் துடித்தது.

அவள் தண்டை நிமிர்த்தினாள். தொப்பி அணைந்தது. கீழே தள்ளினாள். தொப்பி கண் சிமிட்டியது.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, ஏனென்றால் அந்த ஒயர் அவளுடைய வேலை. ஓரின் இல்லாத இரண்டாம் வசந்தத்தில், பிடித்த மீனைக் கரையில் எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்துக்குப் படகு பேட்டரியை ஏன் வீணாக்க வேண்டும் என்று, தொப்பிக்காக டிரெய்லரின் வால்விளக்கு ஒயரிலிருந்து ஒரு கிளையை இழுத்திருந்தாள். வண்டியின் சின்ன விளக்கைப் போட்டால் தொப்பி எரியும். தொப்பியின் மறுமுனையைப் படகின் அலுமினியத்தில் ஒரு திருகாணி போட்டு முடிந்திருந்தாள். படகு, மூக்குச் சங்கிலி வழியாக டிரெய்லரைத் தொடுகிறது. அவ்வளவுதான். மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும். டிரெய்லரிலிருந்து வண்டிக்குத் திரும்பும் வழி, அந்த வெள்ளை எர்த் ஒயர், எங்கோ அடைபட்டிருக்கிறது. வீட்டுக்கு வழி தெரியாமல் ஒவ்வொரு கதவாகத் தட்டும் குடிகாரனைப் போல அது வலப்பக்க விளக்குக்குள் நுழைகிறது, சங்கிலி ஏறிப் படகுக்குள் போகிறது, தொப்பியின் வழியாக வெளியேறப் பார்க்கிறது. கோளாறு டிரெய்லர் கழுத்தில், எர்த் போல்ட்டில். அந்தப் போல்ட்டைக் கழற்றிப் பெயிண்ட் அடித்து, பெயிண்ட்டின் மேலேயே திரும்ப முறுக்கியது யார் என்பதும் தெரிந்த கதைதான்.

வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

சொன்னால் கால் நாழிகை வேலை. விளக்கு எரியும், வண்டி புறப்படும், ஓரின் பக்கத்தில் உட்காருவான், எல்லைப் பலகை வரும். சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமல் இருப்பதில்தான் எத்தனை நிம்மதி இருந்தது!

“இது ஆவுற கதையில்ல” என்று ஹோபர்ட் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். “லியோட்டா, நான் சொல்றதக் கேளு. விளக்கோட போனாலும் இல்லாமப் போனாலும், நானும் நீயும் போவோம். நிறுத்துனா நிறுத்தட்டும். எனக்கு என்ன? நான் அவன்கிட்ட வானிலை பத்திப் பேசிக்கிட்டு இருப்பேன், அவனே ஓடிருவான். தம்பி வீட்ல இருக்கட்டும். மீனு வந்தாப் போதும், யார் குத்துனா என்ன? தெரு பூரா நம்ம கையத்தான பாத்துக்கிட்டிருக்கு.”

அவன் சொன்னதில் தப்பில்லை. ஈட்டி எறிய ஆள் இல்லாத வீடுகள் அந்தத் தெருவில் அநேகம். அவர்களுக்கெல்லாம் இந்தப் படகின் மீன்தான்.

“சரிண்ணே” என்றான் ஓரின்.

அவன் அதைச் சொன்ன விதம்தான். கேள்வி முடிவதற்குள் வந்த ‘சரி’. கண் தரையில், கைகள் உடம்போடு ஒட்டி, எதிரில் நிற்பவன் மறுபடி கேட்கத் தேவையில்லாதபடி அளந்து வைத்த ‘சரி’. வந்த நாளிலிருந்து அவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் சாப்பிடுறியா, சரி. டிவியை அணைக்கட்டுமா, சரி. ஓரின் ரப்பர் பூட்ஸைக் கழற்றுவதற்காக வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்துகூட விட்டான். காலை முதல் அதைப் போட்டுக்கொண்டே திரிந்தவன் அவன்.

லியோட்டா கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள்.

“பூட்ஸக் கழட்டாதே. ரெண்டு பேரும் இங்க வாங்க. அந்தத் தொப்பியப் பாருங்க.”

கதவைத் திறந்து வைத்து, வெளியே நின்றபடியே கையை நீட்டித் தண்டைத் தள்ளினாள். தொப்பி கண் சிமிட்டியது.

ஹோபர்ட் ஒரு அடி பின்வாங்கினான். “ஏய்… அது என்னையப் பாத்துச் சிமிட்டுது.”

“உன்னையப் பாத்துத்தான் சிமிட்டும். எர்த் போல்ட்டுக்கு அடியில பெயிண்ட் அடிச்சது யாரு?”

“எல்லா எடத்துலயும் அடிச்சேன். நான் வேலைன்னு எடுத்தா அரைகொறையா விடமாட்டேன்.”

“அதான் கோளாறு. அரைகொறையா விட்டிருந்தா விளக்கு எரிஞ்சிருக்கும்.”

“கேட்டியா தம்பி? நன்றிகெட்ட உலகம்.” ஆனாலும் கருவிப்பெட்டியை எடுத்து வந்தவன் அவன்தான். உப்புத்தாள் கிடைக்கவில்லை, மீன் செதில் தேய்க்கும் கத்தி கிடைத்தது. டிரெய்லரின் கழுத்தருகே வெள்ளை ஒயர் முடியும் இடத்தில் போல்ட்டைக் கழற்றியதும், அதன் அடியில் வெள்ளிப் பூச்சு நாணயத்தைப் போலப் பளபளத்தது. ஓரின் மண்டியிட்டுச் சுரண்டத் தொடங்கினான். ஒவ்வொரு இழுப்புக்கும் ஹோபர்ட்டின் முகம் சுருங்கியது.

“மெதுவா, மெதுவா. அது ரெண்டாவது கோட்டு.”

“இரும்பு தெரியணும்ணே.”

“கொஞ்சமாத் தெரிஞ்சாப் போதும். இரும்பு என்ன கல்யாணப் பொண்ணா, முழு மொகமும் பாக்க?”

ஒயரின் நுனியையும் சுரண்டி, கிரீஸ் தடவி, போல்ட்டை இறுக்கினார்கள். லியோட்டா உள்ளே ஏறி இடப்பக்கம் போட்டாள். இந்த முறை அவர்கள் இருவரும் டிரெய்லரின் வாலைப் பார்க்கவே இல்லை. மூவரும் தொப்பியைப் பார்த்தார்கள். பச்சை அம்பு துடித்தது. தொப்பி செத்த மீன்போலக் கிடந்தது.

“எரியல!” என்று கத்தினான் ஹோபர்ட். “எரியல, எரியல!” ஒரு விளக்கு எரியாததற்காக மனிதர்கள் இப்படிக் குதிப்பதை அந்த வழியாகப் போன யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. பிறகுதான் வாலுக்கு ஓடினார்கள். இடது விளக்கு கொவ்வைப் பழமாகச் சிவந்து சிவந்து அணைந்தது. வலது தன் பாட்டுக்குச் சும்மா இருந்தது.

லியோட்டா தொப்பியின் ஒயரைக் கழற்றவில்லை. மறுபடி எர்த் நழுவினால் இண்டிகேட்டர் போட்டதும் அது காட்டிக்கொடுக்கும். அதனால் வண்டியைப் பார்த்தபடியே அதைப் படகின் மூக்கில் கட்டி வைத்தாள். வண்டிக்குள்ளிருந்து டிரெய்லரின் வாலைப் பார்க்க முடியாது. தொப்பியைப் பார்க்க முடியும்.

படகில் இருவருக்குத்தான் இடம் என்பதால் ஹோபர்ட் வீட்டிலேயே நின்றுகொண்டான். எல்லைப் பலகைவரை ஓரின் பேசிக்கொண்டே வந்தான். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மேற்குக் கரைப் பாறையில் முதலில் போகலாமா என்று. பலகை பின்னால் போனதும் அவன் பேச்சு நின்றது. மூடிக்கிடந்த தூண்டில் கடையின் முற்றத்திலிருந்து வெள்ளை வண்டியொன்று புறப்பட்டு அவர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. அதன் கூரையில் விளக்குப் பட்டை.

“அக்கா.”

“பாத்துட்டேன்.”

“ஓவராப் போவாதே.”

“போவல.”

“ரொம்ப மெதுவாவும் போவாதே. மெதுவாப் போனாலும் சந்தேகப்படுவாங்க.”

“அப்ப நீயே காலால மிதி. நான் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிறேன்.”

அவன் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் எடுத்து முன்பலகையின் மேல், விரல்களை விரித்து வைத்துக்கொண்டான். யாரும் கேட்கவில்லை. அவனுக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. லியோட்டாவுக்கு அந்தக் கைகளைத் தட்டி இறக்க வேண்டும்போல் இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்றும் இருந்தது.

சாலை நேராக ஓடியது. இருபக்கமும் பைன் மரங்களின் அடியில் அழுக்கேறிய பனித்திட்டுகள். பள்ளம் வந்தபோதெல்லாம் டிரெய்லர் தூக்கிப் போட்டது. அந்த ஒவ்வொரு குலுக்கலும் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்துவதாக அவள் உடம்பு கணக்குப் போட்டது. இடையில் திருப்பம் எதுவும் இல்லை. இண்டிகேட்டர் போட்டுச் சோதிக்கவும் முடியாது. திரும்பாதவன் திரும்புவதாகக் காட்டினால் அதுவே ஒரு காரணம். வெள்ளை வண்டி நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை.

“நீ அந்தத் தொப்பிய முன்னாடியே பாத்துட்டே” என்றான் ஓரின், சாலையைப் பார்த்தபடி.

லியோட்டா கண்ணாடியில் வெள்ளை வண்டியைப் பார்த்தாள்.

“இண்டிகேட்டரப் போட்டுப் போட்டு அணைச்ச. பின்னாடி நாங்க கேக்கவே இல்ல. நீயா அணைச்ச, நீயாப் போட்ட.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஒன் பின்கண்ணாடியில தெரிஞ்சுது. மஞ்சளா. பிளக்கத் திரும்ப மாட்டும்போதே நானும் பாத்தேன்.”

அவள் சட்டென்று அவனைப் பார்த்தாள். வண்டி ஒரு சாண் விலகியது. உடனே சாலைக்குத் திரும்பினாள். “பாத்துட்டு ஏன்டா சொல்லல?”

“நீ ஏன் சொல்லல?”

“நான்…” என்றாள். அந்த வாக்கியத்தை முடிக்க எத்தனையோ வழிகள் இருந்தன. “எனக்குப் பயமா இருந்துச்சு.”

“எனக்கு மட்டும்?” கைகள் இன்னும் முன்பலகையில்தான் இருந்தன. “நீ சொல்லுவியான்னு பாத்துக்கிட்டிருந்தேன். சொல்லலேன்னா நான் வர்றது உனக்கு இஷ்டமில்லன்னு அர்த்தம். அப்ப வீட்லயே இருந்துடலாம்னு நெனச்சேன்.”

“பூட்ஸ வேற கழட்டுன.”

“ஒரு கால்தான் கழட்டுனேன்.”

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு முடிவதற்குள் ஏரிச்சாலையின் பலகை தெரிந்தது. இடப்பக்கம்.

தேவைக்கு வெகுமுன்பே தண்டைக் கீழே தள்ளினாள். டிக், டிக். இருவரும் கண்ணாடியை நோக்கிக் கழுத்தை நீட்டினார்கள். போலீஸ் வண்டியை இருவருமே பார்க்கவில்லை. படகின் மூக்கில் கட்டியிருந்த தொப்பி ஆடியது, குலுங்கியது, ஒரு முறை அதன் கண்ணாடியில் சாய்ந்த வெயில் பட்டுத் தெறித்தபோது ஓரினின் மூச்சு நின்று திரும்பியது. வெயில்தான். தொப்பி இருண்டே கிடந்தது. லியோட்டா திரும்பினாள். டிரெய்லர் பின்னால் வளைந்து வந்தது. வெள்ளை வண்டியும் இடப்பக்க விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே திரும்பியது.

“அவனும் அங்கதான் வர்றான்” என்றாள். “துறைக்குக் காவல் போட்டிருப்பாங்க. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்” என்றான் ஓரின்.

படகுத்துறையில் நாலைந்து டிரெய்லர்கள் வந்திருந்தன. மீன் எண்ணும் பெண் அளவுகோலும் தராசுமாக மடக்குமேசையை விரித்துக்கொண்டிருந்தாள். சாலையோரம் இரண்டு பேர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, ஈட்டியோடு வருபவர்களைத் திட்டுவதற்காகக் குரலைச் சேமித்துக்கொண்டிருந்தார்கள். லியோட்டா வண்டியை நிறுத்தியதும் போலீஸ்காரன் இறங்கினான். வாலிபன், காது குளிரில் சிவந்திருந்தது. நேரே அவளிடம் வராமல் டிரெய்லரை ஒரு முறை சுற்றினான். இடப்பக்க விளக்கின் கண்ணாடியை விரல் கணுவால் தட்டிப் பார்த்தான். பிறகு ஜன்னலுக்கு வந்தான்.

“கொஞ்சம் லெஃப்ட் போடுங்க.”

போட்டாள்.

“ரைட்.”

போட்டாள்.

“பிரேக்.”

மிதித்தாள். தேவைக்கு மேலேயே அழுத்தினாள். அந்த அழுத்தம் விளக்கில் தெரியுமோ என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது.

அவன் குனிந்து, அவளைத் தாண்டி, ஓரினின் முகத்தையும் முன்பலகையில் விரித்திருந்த கைகளையும் பார்த்தான். அந்தப் பார்வை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

“புதுசாப் பெயிண்ட் அடிச்சிருக்கீங்களா?”

ஓரின் தொண்டையைச் செருமினான். “ஆமா. எங்க அண்ணன் அடிச்சாரு.”

“நல்லா அடிச்சிருக்காரு” என்று சொல்லிவிட்டு அவன் நாற்காலிக்காரர்கள் பக்கம் நடந்தான்.

லியோட்டா பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

“ஹோபர்ட் அண்ணன்கிட்ட இத மட்டும் சொல்லிடாதே” என்றான் ஓரின். “சாகுறவரைக்கும் இதையே பேசுவாரு.”

“சொல்ல மாட்டேன்.”

“அக்கா, இது கணக்குல வருமா? அவன் நம்மள நிறுத்துனதா ஆகுமா?”

“அவன் எங்க நிறுத்துனான்? நாமதான் நின்னோம்.”

“திங்கக்கெழம அந்த அதிகாரி கேப்பாரு.”

“கேட்டா உள்ளதச் சொல்லு. விளக்கு எரிஞ்சுது, பெயிண்ட் நல்லாருக்குன்னாங்கன்னு சொல்லு.”

அவன் முன்பலகையிலிருந்து கைகளை எடுத்தான். ஒரு கை முதலில், பிறகு மற்றது. விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டான். பிறகு கதவைத் திறந்து இறங்கிப் போய், டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்குமுன் எல்லோரும் செய்வதுபோல விளக்கு பிளக்கைப் பிடுங்கினான். சூடான பல்பு குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் வெடிக்கும். அவள் பின்னோக்கி ஓட்டினாள். அவன் கையசைத்து வழி காட்டினான். இடது, கொஞ்சம் இடது, நேரா, நில்லு. படகு மிதந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு சிட்டிகைப் புகையிலையை எடுத்து, ஏரிக்குக் காணிக்கையாகத் தண்ணீரில் விட்டான். உதடு அசைந்தது, என்ன சொன்னான் என்பது அவளுக்குக் கேட்கவில்லை. தொப்பியை அவிழ்த்து, அவளுடைய ஒயரிலிருந்து பிரித்து, பேட்டரியில் மாட்டித் தலையில் வைத்துக்கொண்டான். இன்னும் வெளிச்சம் போகவில்லை. இருந்தும் போட்டுப் பார்த்தான். அவன் நெற்றியில் விளக்கு சிமிட்டாமல் எரிந்தது.

வண்டியை மேட்டில் நிறுத்தச் சென்றவள் சாவியைப் பிடுங்கப்போனபோதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். டிக், டிக், டிக். போலீஸ்காரனுக்குக் காட்டியபோது போட்ட வலப்பக்க இண்டிகேட்டரை அணைக்கவே இல்லை. அணைத்தாள். ஜன்னல் வழியாக வெள்ளை வண்டி தெரிந்தது. அது எங்கும் போகிற மாதிரி இல்லை. மீன் எண்ணி முடிந்து கடைசிப் படகு ஏறும்வரை அங்கேயே நிற்கும். போல்ட்டை ஒரு தடவை இறுக்கிப் பார்க்கலாமா? ஈர டிரெய்லரின் கழுத்தருகே போய் ஸ்பேனரை வைத்து முறுக்கினாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் முறுக்கினாள்.

“அக்கா!” கரையிலிருந்து ஓரின் கூப்பிட்டான். “வர்றியா, இல்ல நான் மட்டும் சுத்திக்கிட்டு இருக்கவா?”

“வர்றேன்டா!”

“திரும்பிப் போவும்போது ரைட்டுல திரும்பணும், ஞாபகம் வச்சுக்க!”

“தெரியும்!” என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். தெரியும்தான். ஓடும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். படகில் ஏறி எஞ்சினைக் கிளப்பியபோது ஓரின் ஈட்டியுடன் மூக்கில் எழுந்து நின்றான், கால்களை அகட்டி, தண்ணீரைப் பார்த்தபடி. கரை விலகியது. கரையில் நின்ற வெள்ளை வண்டியை அவள் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். ஓரின் பார்க்கவில்லை.